துருவின் மேல் பூசாதீர்கள்

பழைய கான்கிரீட் பாலங்களையும் கட்டடங்களையும் பராமரிக்கும் பொறுப்பிலுள்ள பொறியாளர்களுக்கு,

வணக்கம். விரிசல் விட்ட இடத்தைக் கொத்தி, கம்பியைத் தேய்த்து, சிமென்ட் கலவை பூசி, வெள்ளையடித்துக் கோப்பை மூடிவிடும் வழக்கத்தைப் பற்றியே இம்மடல்.

நல்ல கான்கிரீட்டுக்குள் பி.எச். அளவு (காரத்தன்மையைக் காட்டும் எண்) 12.5க்கு மேல் இருப்பதால், கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து அதைக் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி அந்த அளவை 9க்கு அருகே இறக்கும்போது படலம் அழிகிறது. உப்பின் குளோரைடோ அதுவரை காத்திருப்பதில்லை, படலத்தை ஆங்காங்கே துளைத்துக் கம்பியைக் குழி குழியாக அரிக்கிறது. துருவுக்கு, அது தின்ற இரும்பைப் போல் 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும். விரிசல் விழுவது அதனால்தான். ஆழக் குழி விழுந்த கம்பியோ சில வேளை வெளியே விரிசலே காட்டாது.

குளோரைடு ஊறிய கட்டுமானத்தில் ஒட்டுப்பூச்சு கூடுதல் கேடு செய்கிறது. அரிபட்டுக்கொண்டிருந்த இடம் ஆனோடாக, அதாவது அரிப்பைத் தானே ஏற்கும் மின்முனையாக நின்று, தன்னைக் கொடுத்துப் பக்கத்துக் கம்பியைக் காத்து வந்தது. அவ்விடத்தைப் புதுக் கலவையால் மூடியதும் அந்தக் காவல் நீங்கி, ஒட்டின் விளிம்பை அடுத்த பழைய கான்கிரீட்டில் துரு கிளம்புகிறது. சில ஆண்டுகளில் ஒட்டைச் சுற்றியே விரிசல் தெரியும்போது பழி ஒப்பந்ததாரர் மேல் விழுகிறது. பல வேளைகளில் அவர் தமக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்திருப்பார்.

ஆகவே பூசுமுன் சோதியுங்கள். சுத்தியலால் தட்டினால், உள்ளே பிளந்த பகுதி பொள்ளலாக ஒலிக்கும். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் என்னும் நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி கருஞ்சிவப்பாகும், இழந்த ஓரம் நிறம் மாறாது. அந்த ஓரம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். முகம் முழுதும் சிவந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம், குளோரைடை அது காட்டாது. அதற்கு வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு எடுத்த தூளைத்தான் பகுப்பாய வேண்டும். செம்பு–செம்பு சல்பேட் ஒப்பீட்டு மின்முனையோடு அளக்கும்போது கம்பியின் மின்னழுத்தம் (அரைமின்கல அழுத்தம்) –350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அங்கே அரிப்பு நடப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல்.

1967இல் திறக்கப்பட்டு 2018இல் இடிந்து 43 பேரைக் கொன்ற இத்தாலியின் ஜெனோவா பாலத்தின் எஃகு வடங்கள் கான்கிரீட் உறைக்குள், கண்ணுக்குத் தெரியாமல் அரிபட்டிருந்தன.

இந்த அளவீடுகள் இணைக்கப்படாத எந்தப் பழுதுபார்ப்பு மதிப்பீட்டிலும் கையொப்பமிடாதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.