நாளைக்கும் அதே குற்றிக்குப் போ

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படம் கிடைத்தது. ஒட்டுசுட்டானில் வேலியோரம் உக்கிக் கிடக்கும் தென்னங்குற்றியில், யாரோ மஞ்சளாகச் சத்தி எடுத்தது போல ஒட்டியிருக்கிறதே, அது பங்கசு இல்லைப் பிள்ளை. சளிப்பூஞ்சை. பேரில்தான் பூஞ்சை, சொந்தமெல்லாம் அமீபாவோடு. அநேகமாக பியூலிகோ செப்டிக்கா என்கிற இனம்.

படம் கலங்கல் என்பது சின்னப் பிழை. ஒரு தரம் எடுத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் விட்டதுதான் பெரிய பிழை. இன்று பின்னேரம் ஈரக் களியாக ஊருகிறது நாளை விடிய வெளிறிய மேலோடாக இறுகியிருக்கும். பிறகு ஓடு உடைய, உள்ளே கறுத்த வித்தித் தூள். மூன்றையும் எடுத்தால்தான் அது இன்னதென்று சொல்லலாம். போன் வைத்த இடத்தில் ஓர் ஈர்க்கைக் குத்திவிட்டு வா, அடுத்த நாளும் அதே கோணத்தில் எடுக்கலாம்.

தேடக் காட்டுக்குள் போக வேண்டாம். மாரி மழை விட்டு இரண்டு மூன்று நாளில் கதியால் அடி, விறகு அடுக்கின் கீழ்த்தட்டு, வைக்கோல் போரின் அடி, மாஞ்சருகு, இவ்வளவும் போதும். ஒரு முழ இடத்தில் குந்தியிருந்து பத்து நிமிடம் பார். சருகைத் திருப்பிப் பார், கீழ்ப்பக்கத்தில்தான் நிறைய இருக்கும். ஆனால் கையால் கிளறாதே, தடியால் கிளறு, புடையன் பாம்பு கிடக்கும். கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற பக்கம் ஓரடியும் வைக்காதே, எவ்வளவு நல்ல குற்றி கிடந்தாலும்.

ஊதுபத்திக் கத்தையைக் குட்டியாக்கியது போல மண்ணிறத்தில், இரண்டு சென்ரிமீற்றர் வரை நின்றால் அது ஸ்டெமோனைட்டிஸ் என்கிற சளிப்பூஞ்சை. இளஞ்சிவப்பு உருண்டைகள் பட்டையில் ஒட்டியிருந்தால் லைக்கோகாலா என்கிற இன்னொரு வகை. அதை ஈர்க்கால் குத்திப் பார்: பிஞ்சில் பற்பசை மாதிரிக் களி வரும், முற்றினால் சாம்பல் புகை பறக்கும்.

மற்றச் சளிப்பூஞ்சைகள் பலதும் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் உயரம்தான். அதனால்தான் உன் போன் பின்னால் இருக்கிற பட்டையைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டது. கிளிப் மக்ரோ லென்ஸ் போட்டு, போக்கஸைப் பூட்டிவிட்டு, போனைத்தான் மயிரிழை அளவு முன்னே பின்னே நகர்த்த வேண்டும். தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. ஆகவே முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நகர்த்தி நகர்த்தி பதினைந்து இருபது படம் எடுத்து, பிறகு மென்பொருளில் ஒன்றாக்கு. மேலிருந்து எடுத்தால் வெறும் புள்ளிகள்தான். தரையோடு படுத்துப் பக்கவாட்டில் எடு, தலையைத் தாங்குகிற காம்பு தெரிய வேண்டும். காம்புள்ளதைக் காம்பு தெரியாத படத்தை வைத்துப் பேர் சொல்வது கஷ்டம்.

பிளாஷ் வேண்டாம், ஈரத் தலையில் பட்டு வெள்ளைப் பொட்டாகத் தெறிக்கும். ரோச்சை ஒரு பக்கமாகப் பிடித்து முன்னால் ரிசுக் கடதாசி ஒன்று வை. போனுக்கு அடியில் மணல் நிரப்பின சின்னப் பை, ரைமர் இரண்டு செக்கன். காற்றுக்குக் குடையை விரித்து வை. மூச்சையும் கொஞ்சம் பிடி, லென்ஸ் வேர்க்கும்.

வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுவாய். வெள்ளையாக, பளபளவென்று ஈரமாக இருக்கிறதைத் தொடாதே. பிஞ்சிலே காய்ந்தால் அப்படியே சூம்பிவிடும். முற்றினதை மட்டும் பட்டையோடு வெட்டி நெருப்புப்பெட்டியின் அடியில் பசை போட்டு ஒட்டு. சில நாள் திறந்தபடி நிழலில் காயவிடு, ஈரத்தோடு மூடினால் வெண்பூசணம் பிடித்து எல்லாம் போய்விடும். திகதி, இடம், எந்த மரம் என்று மூடியில் எழுது. "ஏதோ மரம்" என்று எழுதாதே, தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியைக் கேள்.

அடுத்த படங்களை வட்சப்பில் படமாக அனுப்பாதே, சுருக்கிவிடும். டொக்கியுமென்ராகப் போடு.

அப்பா