பொழுது சாய்ந்தபின் திறந்திருக்க ஒரு கூடம்: தருமபுரி கட்டிட நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்த குழுவின் சார்பில் இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில், பண்டிகை நாள்கள் உட்பட ஆண்டு முழுவதும் மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும் சிறு கூடம் ஒன்றைக் கட்ட முனைந்திருக்கிறோம். குடியை நிறுத்த வருகிறவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இடம் அன்று இது. நிறுத்தி ஆறு ஆண்டுகளோ பதினைந்து ஆண்டுகளோ ஆனபின் காரணம் புரியாமல் மனம் சோர்ந்துபோகிறவர் வந்து உட்காருவதற்கான இடம்.

அப்படி ஒரு சோர்வு உண்டா என்று கேட்பவர்களுக்கு எங்கள் உறுப்பினர் ஒருவருடைய அனுபவத்தை, அவருடைய சம்மதத்துடன் சொல்கிறோம். பாலக்கோடு பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்கிறவர்; குடியை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது முதல் நாளிலிருந்தே அவருடைய வழக்கம். சென்ற ஆண்டு ஆவணியில், தேதி இருபத்தாறு ஆகியும் காலண்டரில் ஏழாம் தேதித் தாளே தொங்குவதை அவருடைய மனைவி கவனித்தார். அவர் குடிக்கவில்லை, பட்டறைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் வீடு திரும்பியதும் இரண்டு வாய் களியை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பார். "குடிச்சப்பகூட சண்டை போட ஒரு ஆள் இருந்தாரு. இப்போ வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா எங்களிடம் அழுதார். உறவினர்களோ, "குடியைத்தான் விட்டுட்டாரே, இன்னும் என்ன குறை?" என்றார்கள். அந்த மாதத்தில் இரண்டு நாள், இருட்டும் நேரத்தில், டாஸ்மாக் கடைக்கு எதிர்ப்புறம் போய் நின்றதாக அவர் பின்னால் சொன்னார். குடிக்கும் ஆசை அப்போது இல்லை; அந்த நேரத்தில் விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம் அது ஒன்றுதான் என்பதால் நின்றாராம். எங்களுக்கு ஒரு கூடம் வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தது அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான்.

குடியை விட்ட முதல் ஆண்டில் ஊரே பாராட்டுகிறது. பாராட்டு ஓய்ந்தபின்தான் கணக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. விற்றுவிட்ட நிலம், பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளை, சாவு வீட்டிலும் திருவிழாவிலும் பழைய கூட்டாளிகளோடு உட்கார முடியாத தனிமை, ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட மகன்கள் இல்லாத மாலைப் பொழுது ஆகிய எல்லாவற்றையும் தெளிந்த புத்தியோடு தாங்க வேண்டியிருக்கிறது. துக்கமோ வெட்கமோ வந்தபோதெல்லாம் பல்லாண்டுகள் சாராயத்தை ஊற்றி அமுக்கிவந்தவர், மற்றவர்கள் பதினெட்டு வயதில் பழகிக்கொண்டதை நாற்பத்தைந்து வயதில் புதிதாகப் பழகுகிறார். இதை அவருடைய மனவலிமைக் குறைவு என்று சொல்வது அநியாயம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மீண்டும் குடிக்கத் தொடங்குவதற்கான சூழல்களை வகைப்படுத்திய அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், சோர்வு, எரிச்சல், தனிமை போன்ற மனநிலைகளுக்கே அவற்றில் முதன்மையான இடம் இருப்பதைக் கண்டார்.

குடியை விட விரும்புகிறவர்கள் பெயரை வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை 1935ஆம் ஆண்டில் மருத்துவர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து தொடங்கிய பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டவர். அதன்பின் சாகும்வரை குடிக்கவே இல்லை. ஆயினும் 1944 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் கடுமையான மனச்சோர்வில் தவித்தார். குடியிலிருந்து விடுபட்டவர் அடுத்து அடைய வேண்டியது உணர்வுத் தெளிவு என்று அவர் 1958இல் எழுதியது அந்தத் தவிப்பிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கானோரைத் தூக்கிவிட்டவருக்கே இப்படியா என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் எங்களில் பலர் உண்டு.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி போன்றது) 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது, நம் இரு மாவட்டங்களும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். குடியை நிறுத்துவது பற்றி இந்த மண் அத்தனை காலமாகப் பேசிவந்திருக்கிறது. நிறுத்தியவர் அதன்பின் வாழ வேண்டிய முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு குறைவு.

கூடம் மருத்துவமனைக்கு மாற்றாகாது என்பதில் நாங்கள் தெளிவாக இருக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பற்றுப் போனவரை நாங்களே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சர்க்கரையோ தைராய்டோ காரணமா என்றும் பார்க்கச் சொல்வோம். மருத்துவர் தரும் மனச்சோர்வு மாத்திரையைச் சாப்பிட்டால் குடிக்காமல் இருந்த விரதம் முறிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது தவறு, ஆபத்தானதும்கூட. டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐக் கூடத்தின் வாசலிலேயே பெரிதாக எழுதிவைப்போம். மற்றபடி அங்கே நடக்கப்போவது எளிமையானது: குடியை விட்டுக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆன ஒருவர் தினமும் முறை வைத்து இருப்பார், தேநீர் இருக்கும், வந்தவர் பேசினால் கேட்பார், பேசாவிட்டால் கூடவே உட்கார்ந்திருப்பார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது தன்னைப் பிடித்திருக்கிறது என்று தன்னையே கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை அங்கே சொல்லிக்கொடுப்போம். மாதம் இருமுறை பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வருவார். சனிக்கிழமை மாலை பெண்களுக்கு மட்டும். கணவரின் குடியைச் சுமந்தவர்களும் தாமே குடியிலிருந்து மீண்டவர்களும் அதில் உண்டு. பென்னாகரத்துக்கும் அரூருக்கும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் படுக்க இரண்டு கட்டில்கள் போடப்படும்.

உறுப்பினர் ஒருவரின் குடும்பம் நான்கு சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டது. அறுநூறு சதுர அடிக் கட்டிடத்துக்கு 13,20,000 ரூபாயும், ஆழ்துளைக் கிணறு, கழிவறைத் தொட்டி ஆகியவற்றுக்கு 1,40,000 ரூபாயும் ஆக மொத்தம் 14,60,000 ரூபாய் தேவைப்படுகிறது. எங்களுக்குள்ளேயே 5,20,000 ரூபாய் சேர்த்து அடித்தளம் போட்டுவிட்டோம். மீதி 9,40,000 ரூபாய்க்கு உங்களிடம் கைநீட்டுகிறோம். செங்கல், எம்-சாண்ட், சிமெண்ட், தரைக்குக் கிரானைட் கல் என்று பொருளாகத் தந்தாலும், கொத்தனார், எலக்ட்ரீசியன் நண்பர்கள் ஒரு நாள் உழைப்பாகத் தந்தாலும் நன்றியோடு ஏற்போம். மதுக்கூடம் நடத்துபவர்களிடமும் அரசியல் கட்சிகளிடமும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் வெளியார் நன்கொடையை ஏற்காத மரபுடையவை. அதனால் இந்த நிதி அவர்களுக்கானது அன்று, அவர்கள் கூடத்தில் கூட்டம் நடத்தினால் வாடகை கொடுத்தே நடத்துவார்கள்.

ஒரு வருத்தமான நிபந்தனையும் உண்டு. கோயில் டியூப் லைட்டில் எழுதுவதுபோல மின்விசிறியிலும் நாற்காலியிலும் "உபயம்" என்று பெயர் எழுத இயலாது. தன் பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற நம்பிக்கையில் வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் யார் பெயரும் சுவரில் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறோம். வரவு செலவுக் கணக்கை மட்டும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு.

தை மாதத்துக்குள் கான்கிரீட் தளம் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு உறுப்பினர்கள் வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறோம். நேரில் வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். ரசீதில் பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு "ஒரு நண்பர்" என்று எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
கட்டிடக் குழுவினர்,
தருமபுரி