பஞ்சர் மாமாவின் கால்

அன்புள்ள முத்து,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டியிருப்பாய். பரவாயில்லை, ஹாஸ்டல் சாம்பாரைவிடவா உன் திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். ஆனால் பஞ்சர் மாமா விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுகர் முற்றி, சித்திரையில் அவருடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு முகாமில் இலவசமாகச் செயற்கைக்கால் கிடைத்தது. சால்வை, போட்டோ எல்லாம் ஆச்சு. நாலே மாதத்தில் கால் லொடலொடத்துவிட்டது. வெட்டிய இடத்தில் சதை வற்றி இளைக்குமாம், சாக்கெட்டை, அதாவது வெட்டிய கால் உட்காரும் கிண்ணத்தை, அதற்கேற்ப மாற்ற வேண்டுமாம். முகாம்காரர்கள் தந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. மாமா சும்மா இருப்பாரா? சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே ஒட்டிக்கொண்டார். "லூசா இருந்தா பேக்கிங் வைக்கணும்டா" என்றார். சிரித்தேன். கழற்றிக் காட்டினார். ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். சுகரில் மரத்துப்போன கால், அவருக்கு வலியே தெரியவில்லை.

எத்தனை கால் கொடுத்தோம் என்று பேனர் கட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று எந்தப் பேனரிலும் நான் பார்த்ததில்லை. சரிசெய்யப் போவதென்றால் இரண்டு பஸ், கூட ஒரு ஆள், அன்றைக்குக் கடைக்குப் பூட்டு. இலவசக் கால் இப்படித்தான் கதவுக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது.

இன்னொரு கஷ்டம், அந்தப் பாதம் வளையாது. குத்தவைக்காமல் பஞ்சர் ஒட்டுவது எப்படி? ஜெய்ப்பூர் கால் பற்றிச் சொன்னேன். 1960-களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் எலும்பு டாக்டர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பரையும் மரத்தையும் அச்சில் வைத்து டயர் மாதிரி வேகவைப்பார்கள். சம்மணம் போடலாம், குத்தவைக்கலாம், வெறுங்காலோடு சேற்றிலும் நடக்கலாம். 1975-லிருந்து பகவான் மகாவீர் சங்கம் என்ற தொண்டு அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

புண் ஆறும்வரை எந்தக் காலும் மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் பொங்கல் வந்துவிடும். லீவில் நீ வா, இந்தக் கால் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைக்கிறேன், மூன்று பேரும் போகலாம். பணம் அனுப்பாதே, ஆள் வந்து சேர்.

மாமா உன்னிடம் கேட்கச் சொன்னது: அந்த ரப்பர் பாதத்துக்குள், டயரில் இருக்கிற மாதிரி, எத்தனை ப்ளை?

உன்,
சேகர்