இடுப்புப் பிடிப்பும் எலுமிச்சம்பழப் பந்தும்

செயின்ட் ஆண்ட்ரூஸ்,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்புப் பிடிப்பு என்று போனில் சொன்னதும் "மூட்டை கீட்டை தூக்குனியா?" என்று கேட்டாய். கோல்ஃப் ஆடினேன் என்றதும் சிரித்துவிட்டாய். நியாயம்தான். பந்து நம் ஊர் எலுமிச்சம்பழம் அளவு, எடை 46 கிராம். அதை அடித்துவிட்டுத்தான் மூன்று நாள் ஷூ கயிறு கட்டக் குனிய முடியாமல் கிடந்தேன்.

இந்த ஊரில் ஆடாமல் தப்ப முடியாது. சனங்கள் வில் பழகாமல் இதிலேயே கிடக்கிறார்கள் என்று 1457-லேயே ராஜா தடை போட்டுப் பார்த்த தேசம். இங்கே உள்ள 'ஓல்ட் கோர்ஸ்' என்ற பழைய கோல்ஃப் மைதானத்துக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் உலாத்துவார்கள்.

தப்பு என்னுடையது. தாமதமாகப் போய், காரை விட்டு இறங்கிய கையோடு, கடற்காற்றில் விறைத்த உடம்போடு மட்டையை முழு வேகத்தில் வீசினேன். பத்து நிமிடம் நடந்து, கையை இடுப்பைச் சுழற்றி, முதலில் அரை வீச்சு வீசிப் பழகியிருக்க வேண்டுமாம். மட்டைப் பையையும் ஒரே தோளில் மாட்டி அலைந்தேன். நீ குடத்தை எப்போதும் இடது இடுப்பிலேயே வைப்பாயே, அதே கதை.

பிசியோதெரபி செய்கிற அம்மாள் அழகாக விளக்கினார். அடிமுதுகு எலும்புகள் அதிகம் திரும்புவதற்கானவை அல்ல. திரும்ப வேண்டியது தொடை மூட்டும் மேல்முதுகும்தான். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவை இறுகிப்போனதால், அந்தத் திருகல் மொத்தமும் இடுப்பில் இறங்கியிருக்கிறது. இப்போது மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது குதிகாலைக் கொஞ்சம் எழும்ப விடுகிறேன்; உடம்பு லேசாகத் திரும்புகிறது. குனிவதும் முதுகை வளைத்து இல்லை, நீ நாற்று நடுகிற மாதிரி தொடை மூட்டில் மடங்கித்தான். நீ நாள் முழுக்க அப்படி நின்றாய், நான் சில நொடி. ஒப்பிடவே வெட்கமாக இருக்கிறது.

குழியிலிருந்து பந்தை எடுக்க இங்கே ஒரு தாத்தாவிடம் கற்றுக்கொண்டேன். வயது எண்பதைத் தாண்டும். மட்டையை ஒரு கையால் ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, கொக்கு மாதிரி சாய்ந்து எடுப்பார். முதுகு பலகைபோல நேராகவே இருக்கும். பைக்கு ஒரு தள்ளுவண்டியும் வாங்கிவிட்டேன். ஒரு ஆட்டத்துக்கு 18 குழி, அத்தனைக்கும் சேர்த்து ஆறேழு கிலோமீட்டர் நடை அல்லவா!

தம்பியிடம் டைகர் வுட்ஸ் என்ற கோல்ஃப் வீரரைப் பற்றிக் கேள். 2017-ல் முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு 2019-ல் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தவர். எனக்கு அந்த அளவெல்லாம் இல்லை, பயப்படாதே. காலில் மரமரப்பு இறங்கினால் மட்டும் தள்ளிப்போடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உளுந்தங்களி சாப்பிடு என்பாய். உளுந்து இங்கேயே கிடைக்கிறது, கருப்பட்டிதான் இல்லை. யாராவது வந்தால் இரண்டு கிலோ கொடுத்துவிடு. அப்புறம், அந்தக் குடத்தை இனிமேல் இடுப்பு மாற்றி வை.

உன் மகன்