டப்பா மேல உணவு, விளம்பரத்துல மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வெயிட் குறைக்கற பவுடர் ஒண்ணுக்கு அரைப்பக்க விளம்பரம் தொடர்ந்து வருது. முப்பது நாள்ல பத்து கிலோ குறையும், உடம்பு கலோரிய எரிக்கற மெட்டபாலிசம் ஸ்பீடாகும், தைராய்டு, சுகர், பிசிஓடிங்கற சினைப்பை நீர்க்கட்டி எல்லாம் கட்டுக்குள்ள வரும், நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவே கிடையாதுன்னு போட்டுட்டு, கீழ மூலையில பூதக்கண்ணாடி வெச்சாதான் தெரியற எழுத்துல "இது மருந்து அல்ல"ன்னும் போட்டிருக்காங்க. சுகர் கட்டுப்படும், ஆனா மருந்து இல்லன்னா அப்ப அது இன்னா சார்? விளம்பரம் வாங்கற உங்க ஆளுங்க யாரும் இத கேக்கலையா?

நான் காட்பாடி பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்ல டெக்னீஷியன். டாக்டர் இல்ல, வைத்தியம் சொல்ற தகுதி எனக்கு இல்லன்னு தெரியும். ஆனா ரிப்போர்ட் என் கை வழியாதான் போகுது. லிவர் பாதிப்ப காட்டற எஸ்ஜிபிடி சாதாரணமா நாப்பதுக்குள்ள இருக்கணும், திடீர்னு ஐநூறு அறநூறுன்னு வரும், குடிப்பழக்கம் இல்லாத, முப்பது முப்பத்தஞ்சு வயசு பொம்பளைங்களுக்கு. என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டா "ஒண்ணியும் இல்லையே"ம்பாங்க. கொஞ்சம் பேச்சு குடுத்தா அப்புறம் வரும், "வெயிட் குறைய ஒரு பவுடர் கலக்கிக் குடிச்சிகினு இருக்கேன், அது மூலிகை தானே". பவுடர் தான் காரணம்னு நான் எப்படி சொல்றது, அது டாக்டர் பாத்து முடிவு பண்ண வேண்டியது, ஆனா டாக்டர்கிட்டயும் இத சொல்றதில்லயே, அதான் பிரச்சனை. இன்னும் சில பேர் மஞ்சக்காமாலைன்னதும் பவுடர நிறுத்தாமலே அது மேல கீழாநெல்லியும் அரைச்சி குடிக்கறாங்க.

இதுல என்ன இருக்குன்னு பாக்கலாம். டப்பாவுல பேர் பெருசா இங்கிலீஷ்ல கார்சீனியா கம்போஜியான்னு இருக்கும், வேற ஒண்ணும் இல்ல, கேரளாக்காரங்க மீன் கொழம்புக்குப் போடற குடம்புளி. கொழம்புல போட்டா ஒரு தொந்தரவும் இல்ல. அதோட தோல்ல இருக்கற ஹைட்ராக்ஸி சிட்ரிக் ஆசிட்ட பிரிச்சி எடுத்து மாத்திரை ஆக்கி, கொழுப்ப கரைக்கும்னு விக்கறாங்க. 1998-லயே அமெரிக்காவுல 135 பேருக்கு பன்னெண்டு வாரம் குடுத்து பாத்தாங்க, பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. ரெண்டு கோஷ்டிக்கும் எடை குறைஞ்சதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. கிரீன் டீயும் அதே கதை தான். டீயா குடிச்சா குடிங்க, நல்லது. அதோட எக்ஸ்ட்ராக்ட கேப்சூலா முழுங்கறப்பதான், அதுல இருக்கற ஈஜிசிஜிங்கற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ போனா லிவர் என்சைம் ஏறலாம்னு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018-ல சொல்லிடுச்சு.

அப்புறம் முதல் வாரத்துலயே மூணு கிலோ போச்சுன்னு சொல்ற ஐட்டம். அதுல பெரும்பாலும் நிலாவரை இருக்கும், நிலவாகைன்னும் சொல்வாங்க, பேதிக்கு குடுக்கறது. சாப்பாட்டுல இருக்கற சத்து கலோரி எல்லாம் சிறுகுடல்லயே உடம்புல சேர்ந்துடுது, நிலாவரை வேலை செய்யறது அதுக்கு அடுத்து பெருங்குடல்ல. போனது தண்ணி தான், கொழுப்பு இல்ல. தண்ணிய குடிச்சா எடை திரும்ப வந்துடும். மாசக்கணக்குல எடுத்தா பொட்டாசியம் வேற எறங்கும், அது இதயத் துடிப்பையே பாதிக்கும். வேலூர் வெயில்ல, மே மாசத்துல, இத குடிச்சிட்டு வெளிய அலையறவங்கள நெனச்சாலே பகீர்னு இருக்கு.

மெட்டபாலிசம் ஸ்பீடாகும்ங்கறாங்களே, நாம சும்மா படுத்திருந்தாலே இதயம், மூளை, லிவர், கிட்னின்னு மொத்த உடம்பும் ஓடறதுக்கே ஒரு நாள் கலோரி செலவுல பாதிக்கு மேல போயிடுது. அத மிளகு, இஞ்சி, காபி எல்லாம் ஏத்தறது கொஞ்சூண்டு தான், ஒரு வடை சாப்ட்டா சரியா போச்சு. நிஜமாவே பெருசா ஏத்தணும்னா தைராய்டு ஹார்மோன் மாதிரி ஏதாவது வேணும், அதையும் திருட்டுத்தனமா கலந்து வித்து வெளிநாட்டுல மாட்டியிருக்காங்க. சிபுட்ரமின்னு வெயிட் குறைக்க குடுத்த ஒரு மாத்திரை, இதயத்துக்கு ஆபத்துன்னு 2010-ல அமெரிக்கா, ஐரோப்பாவுல எடுத்துட்டாங்க, நம்ம நாட்டுலயும் 2011-ல தடை பண்ணிட்டாங்க. ஆனா "ஆல் நேச்சுரல்"னு எழுதின டப்பாவுக்குள்ள அதே சிபுட்ரமின் இருக்குன்னு அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இன்னமும் எச்சரிக்கை விட்டுகினே இருக்கு. மூலிகைல உடனே பலன் தெரிஞ்சா சந்தோஷப்படறதுக்கு பதில் சந்தேகப்படணும்.

மூலிகைன்னா கெடுதல் பண்ணாதுங்கறவங்களுக்கு பெல்ஜியம் கதைய சொல்லணும். 1990-களோட ஆரம்பத்துல பிரஸ்ஸல்ஸ்ல வெயிட் குறைக்கற கிளினிக் ஒண்ணுல சீன மூலிகை கலந்த மாத்திரை குடுத்தாங்க. ஒரு மூலிகைக்கு பதிலா அரிஸ்டலோக்கியாங்கற வேற செடி மாறி வந்துடுச்சு. நூறு பேருக்கு மேல, அதிகமும் பொம்பளைங்க, கிட்னி போச்சு. அதுல 39 பேருக்கு கெட்டுப்போன கிட்னிய எடுத்து பாத்தா 18 பேருக்கு சிறுநீர்ப் பாதையில கேன்சர், இது 2000-த்துல வெளிவந்த ஆய்வு. அந்த அரிஸ்டலோக்கியா குடும்பம் நமக்கு அந்நியம் இல்ல, நம்ம பக்கம் காட்டுல மேட்டுல கெடக்கற ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம் தான்.

சித்த வைத்தியத்த நான் குத்தம் சொல்லல. அரசு ஆஸ்பத்திரியிலயே சித்தா பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் இருக்காங்க, என்ன குடுக்கறாங்கன்னு சீட்டுல எழுதறாங்க. இந்த டப்பாக்காரங்க அந்தப் பேர கடன் வாங்கி பொழைக்கறாங்க, கேட்டா "கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு பழமொழி வேற. கொள்ளு ரசம் வெச்சி சாப்பிட ஒரு கிலோ கொள்ளு வாங்கினா போதும், டப்பாவுக்கு நாலஞ்சாயிரம் ரூபாய் எதுக்கு?

வேலூர் கோட்டை பக்கம் வாக்கிங் போறவங்களுக்கு இன்னொரு தொல்லை. டேபிள் போட்டு உக்காந்துகினு "ஃப்ரீயா வெயிட் செக் பண்றோம் வாங்க"ன்னு ஒரு மெஷின கையில குடுப்பாங்க, உங்க வயசு 38 ஆனா உடம்புக்கு வயசு 52ன்னு காட்டும். அது உடம்புல லேசா கரண்ட்ட அனுப்பி எவ்ளோ எதிர்ப்பு இருக்குன்னு பாத்து போடற கணக்கு, தண்ணி குடிச்சா, வேர்த்தா, நம்பர் மாறும். பயந்து போயி அங்கயே பவுடருக்கு பணம் கட்டிட்டு வராங்க.

இப்ப லேப்ல நான் பாக்கற விஷயம் ஒண்ணு, இத யாரும் சொல்றதில்ல. இந்த மாதிரி நெறைய பவுடர், கேப்சூல்ல முடிக்கும் தோலுக்கும் நல்லதுன்னு பயோட்டின்ங்கற வைட்டமின சேக்கறாங்க. ஒரு நாளைக்கு நமக்கு தேவை 30 மைக்ரோகிராம் தான், இதுல சிலதுல 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் இருக்கும். நெறைய தைராய்டு டெஸ்ட் கிட்டு பயோட்டின் ஒட்டற தன்மைய வெச்சி தான் வேலை செய்யுது. தைராய்டு கொறைஞ்சா டிஎஸ்எச்ங்கற ஹார்மோன் ஏறும், தைராய்டு சுரக்கற டி4 எறங்கும். ரத்தத்துல பயோட்டின் அதிகமா இருந்தா டிஎஸ்எச் பொய்யா கம்மியா காட்டும், டி4 பொய்யா ஏறும். 2017-ல எஃப்டிஏவே இத எச்சரிக்கையா சொன்னது. இங்க என்ன நடக்குது தெரியுமா, தைராய்டு கொறைவா இருக்கற அம்மாவுக்கு டிஎஸ்எச் எட்டுலேர்ந்து ரெண்டுக்கு வந்துட்டா "பாத்தீங்களா, எங்க பவுடர்ல தைராய்டு சரியாயிடுச்சு"ன்னு அந்த ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடறாங்க. அந்தம்மா டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடறாங்க. நிஜமாவே சரியாச்சா, பயோட்டின் பண்ண வேலையான்னு அந்த பேப்பர பாத்து யாராலயும் சொல்ல முடியாது.

சரி, சட்டம். 1954-லயே டிரக்ஸ் அண்ட் மேஜிக் ரெமெடிஸ் ஆக்ட் வந்துடுச்சு. எந்தெந்த நோயக் குணப்படுத்தறேன்னு மருந்துக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அதுல பட்டியலே இருக்கு, சுகரும் இருக்கு, உடல் பருமனும் இருக்கு. அதுல மாட்டாம இருக்கத்தான் டப்பாவுல "உணவு"ன்னு போட்டு மத்திய உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட 14 இலக்க நம்பர ஒட்டிட்டு "அரசு அங்கீகாரம் பெற்றது"ன்னு சொல்றாங்க. அந்த நம்பர் கம்பெனி உணவுத் தொழில் பண்ண குடுத்த லைசென்ஸ், பவுடர் வேலை செய்யும்னு குடுத்த சர்டிபிகேட் இல்ல. உணவுன்னே வெச்சிக்குவோம், உணவு பாதுகாப்பு சட்டம் 53-வது பிரிவுல தப்பா வழிநடத்தற விளம்பரத்துக்கு பத்து லட்சம் வரைக்கும் அபராதம். ரெண்டு சட்டமும் விக்கறவன மட்டும் சொல்லல சார், வெளியிடறதுல பங்கு எடுக்கறவங்களையும் சேத்து தான் சொல்லுது. உங்களையும் தான்.

விளம்பரம் இல்லாம பேப்பர் ஓடாதுன்னு எனக்கும் தெரியும். பவுடருக்கு விளம்பரம் போடவே கூடாதுன்னு கேக்கல. நோய் பேர் சொன்னா எடுக்க மாட்டோம், இத்தன நாள்ல இத்தன கிலோன்னா எடுக்க மாட்டோம், உள்ள என்னென்ன எவ்ளோ இருக்குன்னு படிக்கற சைஸ்ல போடணும், இந்த மூணு மட்டும் உங்க விளம்பரப் பிரிவு வெச்சிக்கட்டும். மறுத்தா அரைப்பக்கம் காலியாகும், அந்த எடத்துல நம்ம மாவட்ட உணவு பாதுகாப்பு துறைகிட்ட எப்படி புகார் குடுக்கறதுன்னு ஒரு தடவ போடுங்க.

ஏற்கனவே சாப்பிட்டுகினு இருக்கறவங்க டப்பாவ தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர பாக்க போறப்ப அத கையிலயே எடுத்துட்டு போங்க, ரத்தம் குடுக்க வரப்ப எங்ககிட்டயும் காட்டுங்க. திட்ட மாட்டோம்.

லெட்டர் நீளமா போயிடுச்சு, எடம் பத்தலன்னா கோட்டை மேட்டர வெட்டிக்கோங்க. பயோட்டின் விஷயத்த மட்டும் வெட்டாதீங்க, நாளைக்கு காலைல வெறும் வயித்துல தைராய்டு டெஸ்ட்டுக்கு போறவங்களுக்கு அது வேணும்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்