பத்து டாலர் நிலத்தின் முழுக் கதை

ஆசிரியருக்கு,

கனடாவின் சமவெளிக் குடியேறிகள் பற்றி எழுதும்போதெல்லாம் '160 ஏக்கர், கட்டணம் வெறும் 10 டாலர்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 1872-ல் கனடா அரசு போட்ட நிலச் சட்டப்படி அது உண்மைதான். ஆனால் அங்கேயே குடியிருந்து, மூன்று வருடத்துக்குள் நிலத்தை உழுது, வீடும் கட்டிக் காட்டினால்தான் பட்டா. மரமே இல்லாத இடத்தில் எதைக்கொண்டு வீடு கட்டுவது? புல் வேரோடு மண்ணை ஏரால் பாளம் பாளமாக வெட்டி எடுத்துச் சுவர் வைத்தார்கள், கூரையும் அதேதான், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கிழக்கு ஐரோப்பாவில் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த கலீசியாவிலிருந்து வந்த உக்ரேனியக் குடும்பங்களில் ஆண்கள் கூலிக்காக ரயில் பாதை போடப் போய்விட, நிலத்தைத் திருத்தியது, மாட்டைப் பார்த்தது, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் பிள்ளைகளைக் காப்பாற்றியது எல்லாம் பெண்கள். அப்படி உழைத்தவர்களுக்குத் தம் பெயரில் நிலம் கேட்கும் உரிமை கிடையாது, கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்பவர்கள் போன்ற சிலரைத் தவிர! எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம், அது ஆளில்லாத பூமியும் இல்லை. அங்கே வாழ்ந்த க்ரீ பழங்குடி மக்களோடு 1876-ல் ஆறாம் உடன்படிக்கை என்ற நில ஒப்பந்தம் போட்ட அரசு, 1885-க்குப் பிறகு அவர்கள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே போகவே அனுமதிச் சீட்டு கேட்டது. குடியேறிகளின் உழைப்பைத் தாராளமாகப் பாராட்டுங்கள், அதே பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்