கோடை மழையும் கொடும் வெயிலும்: இரண்டையும் ஒரே செய்தியாகத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் இந்த வாரம் இரண்டு வானிலைச் செய்திகள் வெவ்வேறு நாட்களில் வெளியாயின. வட உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும், மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்றது ஒன்று. அதைத் தொடர்ந்து வரும் நாட்களில் அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும் என்றது மற்றொன்று. முதல் செய்தியைப் பெரிய எழுத்தில் படித்த எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர், உள்பக்கத்தில் வந்த இரண்டாவதைக் கவனிக்கவே இல்லை. மழை வருகிறது, இனி வெயில் தணிந்துவிடும் என்றே டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசிக்கொண்டார்கள். குடியாத்தம் வட்டத்தில் நெல்லும் வாழையும் பயிரிட்டுப் பிழைக்கும் நான், இந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோடை இடிமழையும் அதை அடுத்து வரும் கடும் வெயிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் தென்னிந்தியாவின் உள்பகுதிகளின் மீது, வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் தக்காணப் பீடபூமியிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கின்றன. வானிலை அறிக்கைகளில் காற்றின் திசை மாறுபடும் பகுதி என்று சொல்லப்படுவது இதைத்தான். காலை முதல் காய்ந்த தரையிலிருந்து சூடேறிய காற்று மேலே எழும்போது, ஜவ்வாது மலையும் ஏலகிரியும் ஆந்திர எல்லையில் உள்ள குன்றுகளும் அதை இன்னும் உயரத் தள்ளிவிடுகின்றன. போதிய ஈரம் இருந்தால், பிற்பகல் மூன்று நான்கு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகம் எழும்பி நிற்கும். அந்த மேகத்திலிருந்து விழும் மழையின் ஒரு பகுதி வழியிலுள்ள வறண்ட காற்றிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்துக் கனமாக்கிக் கீழே இறக்குகிறது. மழைக்கு முன்னால் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வருகிற சூறைக்காற்று இப்படி உண்டாவதுதான். மழை ஒரு ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் போவதும், மேகங்கள் இவ்வாறு தனித்தனியாக எழும்புவதால்தான்.

ஈரக்காற்றின் வரத்துக் குறைந்து வடமேற்கிலிருந்து ராயலசீமை வழியாக வறண்ட காற்று இறங்கத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். மேகம் இல்லை, மறைப்பு இல்லை. கடற்காற்று சென்னையையே தாமதமாகத் தொடும் அத்தகைய நாட்களில், கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் எங்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பகலெல்லாம் காய்ந்த அந்தப் பாறைகளுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இரவிலும் அனல் குறைவதில்லை.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று நாட்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மழை பெய்த மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற நனைந்த தரையிலிருந்து ஈரம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். வெப்பமானி முந்தைய நாளைவிட இரண்டு டிகிரி குறைவாகக் காட்டினாலும், வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும் என்பதால், வறண்ட 41 டிகிரியைத் தாங்குகிற ஆள் ஈரப்பதம் நிறைந்த 38 டிகிரியில் மயங்கி விழக்கூடும். அதோடு, முந்தைய மாலைக் காற்றில் கிளை முறிந்து மின்கம்பி அறுந்திருந்தால், மின்விசிறியும் இல்லாமல், மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரும் இல்லாமல் அந்தப் புழுக்கத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. இடிமழையின் பாதிப்பு என்று நாம் எழுதிவைப்பது முறிந்த மரங்களையும் சாய்ந்த வாழைகளையும்தான். மறுநாள் மின்சாரம் இல்லாத வீட்டில் வெப்பத்தால் துவண்டுபோகும் முதியவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் பலர் வீட்டிலேயே வேலை செய்கிறார்கள். எங்கள் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, காலையில் உட்கார்ந்தால் பிற்பகல் வரை எழாமல் சுற்றுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். புகையிலைத் தூள் பறக்கும், இலை காய்ந்து நொறுங்கும் என்று மின்விசிறியைக்கூட வேகமாக வைக்க மாட்டார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் தண்ணீர் குடிக்க எழுந்து போவதையும் தள்ளிப்போடுவார்கள். "மழை பேஞ்சுதே, இன்னிக்கு அவ்வளவு சூடு இல்லியே" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னபோது அவருடைய சேலை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வெயிலில் நிற்பவர்களுக்கு மட்டுமே ஆபத்து என்று நினைக்கிற நாம், நிழலில் இருந்தும் வெந்துகொண்டிருக்கும் இவர்களை எந்த எச்சரிக்கையிலும் குறிப்பிடுவதில்லை.

வெப்ப அலை அறிவிக்கப்படவில்லையே, பிறகென்ன அச்சம் என்று சிலர் கேட்கக்கூடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல்படி, சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான், அல்லது இயல்பு எதுவாயினும் 45 டிகிரியைத் தொட்டால்தான், அது வெப்ப அலை. வேலூரில் மே மாத இயல்பே ஏறக்குறைய 39 டிகிரி என்னும்போது, 43 டிகிரியைத் தாண்டினால்தான் இங்கு அந்த அறிவிப்புக்கு வழி பிறக்கும். அதாவது 41, 42 டிகிரி வெயில் வாரக்கணக்கில் அடித்தாலும் ஏட்டளவில் வெப்ப அலை வந்ததாக ஆகாது. அளவுகோலைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு கணக்கு வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே கொதிக்கிற ஊர்க்காரர்கள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்து தற்காப்பைத் தொடங்கக் கூடாது. 2024 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் ஈரோடு, சேலம், கரூர், வேலூர் மாவட்டங்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கும் வழிசெய்தது. நல்ல முடிவு. இறந்தபின் வரும் அந்தத் தொகைக்குக் காட்டிய அக்கறையை, இறக்காமல் காக்கும் முன்னறிவிப்புக்கும் காட்ட வேண்டும்.

கத்திரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சாங்கப்படி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி மே 28-ஆம் தேதியை ஒட்டி முடியும் அக்னி நட்சத்திரத்தை வைத்தே நம் மக்கள் வெயிலைக் கணிக்கிறார்கள்; நாளிதழ்களும் கத்திரி நிறைவு என்று செய்தி போட்டு, வெயிலும் விடைபெற்றுவிட்டதாக எழுதுகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலையான 45 டிகிரி செல்சியஸ், 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகுதான் பதிவானது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் நுழையும் தறுவாயில் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றைத் தடுத்து நிறுத்துவதால், வட மாவட்டங்களுக்கு மே கடைசியும் ஜூன் தொடக்கமும் கத்திரிக்கு இளைத்தவை அல்ல. புயல் செய்தியும் இவ்வாறே நம்மை ஏமாற்றக்கூடியது. 2019-இல் ஃபானி புயல் உருவானபோது அது தமிழகத்துக்கு மழை தரும் என்று எவ்வளவோ எதிர்பார்த்தோம். அது வடக்கே திரும்பி மே 3-ஆம் தேதி ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. கடலில் சுழலும் புயல் ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, நிலத்தின் மீது வறண்ட காற்று பாய்ந்து வெயில் ஏறுவது இத்தகைய ஆண்டுகளில் வழக்கம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்ற தலைப்பின் கீழேயே, அது எத்திசையில் போனால் எங்களுக்கு மழை, எத்திசையில் போனால் அனல் என்று இரண்டு வரி சேர்ப்பது கடினமான காரியம் அல்லவே.

மின்னலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் வயலில் நின்றவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். மின்னல் வெட்டி முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியும், தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியும் இதற்கு உதவுகின்றன. எனினும் சாதாரண பொத்தான் போன் வைத்திருக்கும் மேய்ப்பவருக்கு இவை போய்ச் சேரா. கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓர் அறிவிப்புச் செய்ய ஊராட்சிகள் ஏற்பாடு செய்தால் அது அவரைச் சென்றடையும்.

நவரை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் குவிந்து கிடக்கும் காலமும் இதுதான். சாக்கு வராமலும் எடை போடாமலும் திறந்தவெளியில் கிடக்கும் குவியலை, வானம் கறுத்த பத்தே நிமிடத்தில் தார்ப்பாயால் மூடிவிட முடியாது. நனைந்த நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காலால் தள்ளிக் காயவைப்பவர்கள், நான் மேலே சொன்ன அந்தப் புழுக்கமான மறுநாளின் உச்சி வெயிலில்தான் அதைச் செய்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை வாங்க மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. எங்களைப் பொறுத்தவரை இடிமழையும் வெயிலும் ஒரே வாரத்தில் ஒரே முதுகின் மீதுதான் விழுகின்றன.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இது. சதமடித்த வெயில் என்று ஊர்வாரியாக ஃபாரன்ஹீட் பட்டியல் போடும் அதே கட்டத்தில், முந்தைய இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பிற்பகல் ஈரப்பதத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். இரவு வெப்பநிலை 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால், உடல் தேற வழியில்லை என்பதை வாசகர்கள் தாமே புரிந்துகொள்வார்கள். மழை வாய்ப்பையும் அடுத்த ஐந்து நாள் வெப்பநிலைப் போக்கையும் ஒரே செய்தியாக, ஒரே தலைப்பின் கீழ்த் தாருங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் தங்கள் வழியாகச் சில கோரிக்கைகளை வைக்கிறேன். மழை எச்சரிக்கை வந்த அன்றே கொள்முதல் நிலையங்களுக்குத் தார்ப்பாய்களும் கூடுதல் எடை இயந்திரங்களும் போக வேண்டும். மின்கம்பிகளின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை மே முதல் வாரத்துக்குள் வெட்ட வேண்டும். காற்றில் மின்சாரம் போனால் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் முதலில் இணைப்பு தர வேண்டும். நூறு நாள் வேலைத் தளங்களிலும் செங்கல் சூளைகளிலும் பகல் பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை வேலை நிறுத்தப்பட வேண்டும். மழை பெய்த மறுநாளிலும் இந்த நேரக் கட்டுப்பாடு தளரக் கூடாது. உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறுகிறவரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் அங்கன்வாடிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். அந்தப் பணியை, பீடி சுற்றும் பெண்கள் வாழும் ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளிலிருந்து, கத்திரி பிறப்பதற்கு முன்பே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர், விவசாயி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.